அடங்கி முடியும் சிம்பொனிகளும் ரெக்கார்டின் கடைசி அங்குலமும்

இங்கிலாந்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் எழுதிய ஒன்பது சிம்பொனிகளில் நான்காவதையும் எட்டாவதையும் விட்டுவிட்டால் மற்ற எல்லாமே சத்தம் அடங்கித்தான் முடிகின்றன. அதே நாட்டு இசையமைப்பாளர் எல்கரின் இரண்டாம் சிம்பொனியும் அப்படித்தான். ஹோல்ஸ்டின் 'கிரகங்கள்' வரிசையில் கடைசியாக வரும் நெப்டியூனில் மேடைக்குப் பின்னால் ஒரு அறையில் பெண்கள் வார்த்தையில்லாமல் பாடுவார்கள், அறைக்கதவை மெல்ல மெல்லச் சாத்தச் சொல்லி ஸ்கோரிலேயே, அதாவது இசைக்குறிப்பிலேயே, எழுதியிருக்கும், குரல் எங்கே நின்றது என்று சொல்ல முடியாதபடி தேய்ந்து போகும். கச்சேரி அரங்கில் இதைக் கேட்பது பெரிய அனுபவம். எல்பி ரெக்கார்டுக்கு இது பெரிய சோதனை. சிம்பொனியின் முடிவு வந்து விழும் இடம் தட்டின் உள்வட்டம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது எங்கும் மாறாது, ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே இசையை அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். எல்கரின் முதல் சிம்பொனி மாதிரி ஆர்ப்பாட்டமாக முடிந்தால் அந்த இடம் கரகரக்கும். அடங்கி முடிந்தால் கரகரப்பு இல்லை, ஆனால் இசைக்குச் சமமாகத் தட்டின் இரைச்சல் கேட்கும்.

பழைய பிரிட்டிஷ் இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது எடுக்கும் முடிவுகள் எல்லாமே கடைசியில் இந்த ஒரு இடத்தில் வந்துதான் நிற்கின்றன. ஒரு சிம்பொனியின் கடைசி மூன்று நிமிடம் நன்றாக வந்துவிட்டால் முன்னால் உள்ளது தானாக நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். அதனால் ஊசி, வேகம், சுத்தம் எதைச் சோதிக்க வேண்டுமானாலும் நான் தட்டின் முடிவிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நான் இருப்பது வடக்கு இங்கிலாந்தில். ஊரில் உள்ள ஒரு பாடகர் குழுவில் பல வருடங்களாகப் பாடுகிறேன். அங்கே பழகிய பெரியவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது, அல்லது அவர்கள் காலமான பிறகு பிள்ளைகள் வந்து சாமான்களை ஒழிக்கும்போது, எல்பிகள் பெட்டி பெட்டியாக என்னிடம் வர ஆரம்பித்தன. சென்னையிலிருந்து என் சித்தி மகன் பேசும்போது, "அண்ணா, இதெல்லாம் ஆன்லைன்ல கிடக்குமே, எதுக்கு இந்த மெனக்கெடல்?" என்பான். நியாயமான கேள்வி. பெட்டியில் வரும் பெரும்பாலான தட்டுகளுக்கு அவன் சொல்வதுதான் சரி.

செல்லோ கலைஞர் ஜாக்லின் டு ப்ரே 1965இல் நடத்துநர் பார்பிரோலியோடு வாசித்த எல்கர் செல்லோ கான்செர்ட்டோ கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அற்புதமான வாசிப்பு. ஆனால் அதன் மாஸ்டர் டேப், அதாவது மூல ஒலிநாடா, பத்திரமாக இருந்து, அதிலிருந்து பலமுறை சிடியும் டிஜிட்டல் பதிப்பும் வந்துவிட்டன. தேய்ந்த எல்பியிலிருந்து நாம் எடுப்பது அதற்கு ஒருநாளும் கிட்டே வராது. லிரிட்டா கம்பெனியின் கதை வேறு மாதிரி. ரிச்சர்ட் இட்டர் என்பவர் 1959இல் பக்கிங்ஹாம்ஷரில் உள்ள பர்னமில் ஆரம்பித்தது. யாரும் தொடாத பிரிட்டிஷ் இசையையே வெளியிட்டார்: ஐரிஸ் லவ்ரிட்ஜ் வாசித்த பாக்ஸின் பியானோ இசை, ஆலன் ரோலண்ட்ஸ் வாசித்த ஜான் அயர்லாந்தின் படைப்புகள், அப்புறம் ஸ்டீரியோ காலத்தில் ஏட்ரியன் போல்ட் என்ற நடத்துநரின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பதிவுகள். சிடி வந்த பிறகும் நீண்ட காலம் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி எல்பியாக மட்டுமே கிடந்தது, 2006க்குப் பிறகுதான் நிம்பஸ் கம்பெனி மூலம் சிடியாக வரிசையாக வெளிவந்தது. அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து இவற்றை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். இன்றைக்கு லிரிட்டா எல்பி கிடைத்தால் நான் முதலில் செய்வது சிடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

அப்படியென்றால் எதை மாற்றுவது? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கே கதீட்ரல் குழுக்கள், பள்ளிகள், ஊர்ப் பாடகர் குழுக்கள் என்று பலரும் சொந்தச் செலவில் சில நூறு பிரதிகள் அச்சடித்து, கச்சேரி வாசலிலும் தேவாலயத்திலும் விற்றார்கள். ஸ்டான்ஃபோர்ட், ஹவெல்ஸ், ஃபின்சி ஆகிய இசையமைப்பாளர்கள் ஒரு பக்கம், கிறிஸ்துமஸ் பாடல்கள் மறுபக்கம் என்று இருக்கும். டேப் எங்கே என்று யாருக்கும் தெரியாது, மறுபதிப்பு என்ற பேச்சே கிடையாது. பெரிய நடத்துநர்களின் பெயர் இருக்கும் தட்டை எல்லோரும் எடுத்து வைப்பார்கள். இந்தத் தட்டுகளைத்தான் தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் தர்மக் கடையில்கூட வாங்கிக்கொள்ளாமல் குப்பைக்கு அனுப்புகிறார்கள். உங்களுக்கு நேரம் குறைவு என்றால் அதை இவற்றுக்குச் செலவிடுங்கள்.

இரண்டாவதாக, ஐம்பதுகளின் மோனோ தட்டுகள், அதாவது ஒரே சேனலில் பதிவானவை. சிடி வந்திருந்தாலும், சில சிடிகளில் இரைச்சலை அழிக்கிறேன் என்று அரங்கத்தின் காற்றையே உறிஞ்சி எடுத்திருப்பார்கள். டெக்கா கம்பெனிக்காகப் போல்ட் 1952 முதல் 1954 வரை லண்டன் கிங்ஸ்வே ஹாலில் வான் வில்லியம்ஸின் முதல் ஏழு சிம்பொனிகளைப் பதிவு செய்தார். எண்பதைத் தாண்டிய இசையமைப்பாளர் ஒலிப்பதிவுக்கு வந்து உட்கார்ந்து கேட்டார். அந்தத் தட்டுகள் நல்ல நிலையில் கையில் கிடைத்தால் நான் விடுவதில்லை.

தட்டு கையில் வந்ததும் உறையிலிருந்து எடுத்து ஒரு மேசை விளக்கைச் சாய்வாக வைத்துப் பாருங்கள். சத்தமான இடங்களில் பள்ளம் அகலமாக ஆடுவதால் அந்த வளையம் வெளிறித் தெரியும், மெல்லிய இடங்கள் வழவழவென்று கருப்பாக இருக்கும். கொஞ்சம் பழகிவிட்டால் ஸ்கோர் தெரிந்த ஒரு சிம்பொனியைத் தட்டின் மேலேயே படித்துவிடலாம், இதோ இங்கே டிரம்பெட், இதோ இங்கே அடங்குகிறது என்று. சத்தமான வளையத்தில் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் பழைய கனமான பிக்கப் (ஊசியைத் தாங்கும் தலை) அதை உழுதிருக்கிறது என்று அர்த்தம். கீறலைவிட அதுதான் மோசம். கீறல் டப் டப்பென்று தனியாகக் கேட்கும், அதைத் தனியாக எடுத்துவிடலாம். தேய்மானம் இசையோடு ஒட்டிக்கொண்டே வரும்.

அடுத்து கழுவுவது. இந்த வேலையில் பாதி இதுதான், யாரும் ஆசையாகப் பேசாததும் இதுதான். இங்கிலாந்து வீடுகளின் ஈரத்தில் பரணில் கிடந்த உறைகளில் பூஞ்சை சாதாரணம். அதற்கு மேல், பழைய உரிமையாளர்கள் அன்போடு செய்த பராமரிப்பு ஒன்று இருக்கிறது: அந்தக் காலத்தில் தூசி துடைக்கவென்று திரவம் விற்றார்கள், ஒவ்வொரு முறையும் தட்டில் தடவி ஓட்டினார்கள், அது காய்ந்து காய்ந்து பள்ளத்தின் அடியில் பசையாகப் படிந்திருக்கும். நான் காய்ச்சி வடிகட்டிய தண்ணீரில் மிகக் கொஞ்சமாக ஈரமூட்டும் திரவமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, உறிஞ்சும் மெஷினில் எடுத்துவிட்டு, மறுபடி வெறும் தண்ணீரில் அலசி உறிஞ்சி எடுப்பேன். லேபிளில் ஈரம் படக்கூடாது. 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது, அதில் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும், அதற்கு வெறும் தண்ணீர்க் கலவை மட்டும்தான். உறிஞ்சும் மெஷின் வாங்கும் வசதி இல்லையென்றால் தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். பிபிசியே பல வருடங்கள் கீத் மாங்க்ஸ் மெஷினில் கழுவித்தான் தட்டுகளை ஒலிபரப்பினார்கள்.

கழுவியவுடன் பதிவு செய்துவிடாதீர்கள். ஒருமுறை முழுவதும் ஓட்டி ஊசியைப் பாருங்கள். பழைய பசை இளகி, ஊசி முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை தொங்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனையே அதற்குள் புதைந்திருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். இரண்டாவது கழுவலுக்குப் பிறகு வரும் வித்தியாசத்தை எந்த மென்பொருளும் தராது. காய்ந்த தட்டைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போட்டால் அத்தனையும் வீண், நிலைமின்சாரம் சேராத புது உள்ளுறை மலிவாகவே கிடைக்கிறது.

ஊசி விஷயத்தில் விலையைவிட வடிவம் முக்கியம். ஐம்பதுகளின் மோனோ எல்பியை 25 மைக்ரான் முனைக்காக வெட்டினார்கள், ஸ்டீரியோ முனை அதைவிடச் சின்னது, 13 முதல் 18 மைக்ரான். சின்ன முனை பள்ளத்தில் இன்னும் கீழே இறங்கி உட்காரும். சில சமயம் அதுவே வரம், பழைய பெரிய ஊசி தேய்த்த இடத்துக்குக் கீழே தேயாத சுவர் இருக்கும், புது ஊசி அதைப் படிக்கும். சில சமயம் அடியில் குப்பைதான் இருக்கும், அப்போது பெரிய முனை நல்லது. இதற்குச் சூத்திரம் கிடையாது. இரண்டு முனை வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை இரண்டிலும் ஓட்டி ஹெட்ஃபோனில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மோனோ தட்டையும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இருப்பது ஒரே இசைதான், ஆனால் அழுக்கும் கீறலும் ஒவ்வொரு சுவரிலும் வேறு வேறு. ஒரு சுவர் மற்றதைவிடச் சுத்தமாக இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சுமார் என்றால், முதலில் ஒவ்வொரு சேனலிலும் தனித்தனியாகச் சொடுக்குகளை, அதாவது அந்த டப் டப் சத்தங்களை, நீக்கிவிட்டு அப்புறம் சேர்த்தால், இசை கூடும், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரைச்சல் அந்த அளவுக்குக் கூடாது, 3 டெசிபெல் லாபம். பதிவின்போதே ப்ரீஆம்பில் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி) மோனோ பட்டனை அழுத்திவிட்டால் இந்த வாய்ப்பு எல்லாம் போயிற்று.

ஈக்வலைசேஷன் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைக்கு அளவே இல்லை. தட்டு வெட்டும்போது கீழ் ஸ்தாயியைக் குறைத்து மேல் ஸ்தாயியை ஏற்றி வெட்டுவார்கள், வாசிக்கும்போது ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் செய்யும். எவ்வளவு ஏற்றுவது என்பதில் 1954 வரை கம்பெனிக்குக் கம்பெனி வேறு கணக்கு. அதற்குப் பிறகுதான் ஆர்ஐஏஏ என்ற பொது அளவு வந்தது, பிரிட்டிஷ் தரமும் 1955இல் அதையொட்டி வந்தது. டெக்காவின் பழைய எல்பிகளில் மேல் ஸ்தாயி ஆர்ஐஏஏ அளவுக்கு ஏற்றப்படவில்லை, எனவே இன்றைய ப்ரீஆம்பில் வாசித்தால் 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் போலக் குறைந்து வயலின்கள் கொஞ்சம் மங்கும். ஆனால் பட்டியலைப் பார்த்து ஆண்டை வைத்து மட்டும் திருத்தக் கூடாது. அதே எண்ணில், அதே உறையில், சில வருடம் கழித்துப் புதிதாக வெட்டிய தகட்டிலிருந்து அச்சடித்திருக்கலாம். நான் ஆர்ஐஏஏவிலேயே பதிவு செய்து மூலத்தை வைத்துக்கொண்டு, வேறுபாட்டை அப்புறம் கணினியில் போட்டுப் பார்த்துக் காதை வைத்து முடிவு செய்வேன்.

இதற்காகவே லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் உள்ள வெற்று வளையத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டெக்கா தட்டில் மேட்ரிக்ஸ் எண் (அந்தப் பக்கத்தை அடையாளம் காட்டும் எண்) தவிரத் தனியாக ஓரிரு எழுத்துகள் குத்தியிருக்கும். பக்கிங்ஹாம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து, ஒன்றும் திரும்ப வராது: பி என்றால் 1, யூ என்றால் 2, சி 3, கே 4, இப்படியே போய்க் கடைசி எம் 0. யூவும் கேயும் சேர்ந்திருந்தால் அது இருபத்து நான்காவது அச்சுத்தகட்டில் அழுத்திய தட்டு. ஈஎம்ஐயும் கிராமஃபோன் கம்பெனி என்ற தன் பெயரிலிருந்து பத்து எழுத்தை எடுத்து இதே மாதிரி ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரே பதிவின் இரண்டு பிரதிகள் கையில் இருந்தால் எதை முதலில் கழுவுவது என்று இந்த எழுத்துகள் சொல்லும்.

வேகமும் மையமும் அடுத்து. நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே, தட்டின் நடுப்பகுதியில் சுருதி ஒரு சதவீதம் ஏறி ஒரு சதவீதம் இறங்கும், ஒவ்வொரு 1.8 விநாடிக்கும் ஒருமுறை. ஒரு அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்கு அது. வேகமான இசையில் கவனிக்க மாட்டோம். வான் வில்லியம்ஸின் ஆறாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி போன்ற இடத்தில், வயலின்கள் நீளமாக ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருக்கும்போது, வயிற்றைப் பிரட்டும். இசை முடிந்த பிறகு வரும் வெற்று முடிவுப் பள்ளத்தில் ஊசி இருக்கும்போது, அதைத் தாங்கும் கை இடமும் வலமும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால், நடுக்கம்பியைக் கழற்ற முடிகிற டர்ன்டேபிளில் தட்டைக் கையால் நகர்த்தி மையப்படுத்தலாம். துளையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்குபவர்களும் உண்டு, வேறு பிரதி கிடைக்காத தட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

சுருதியைச் சரிபார்க்க ஒரு அழகான வழி இருக்கிறது. பழைய பதிவுகளில் மின்சாரத்தின் ஹம் சத்தம் மெலிதாக உள்ளே பதிந்திருக்கும், பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ். மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் எடுத்து அது 50இல் நிற்கிறதா, 50.5இல் நிற்கிறதா என்று பார்த்தால் வேகம் எவ்வளவு தவறு என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: நம் வீட்டு ப்ரீஆம்பின் ஹம்மும் அதே 50தான். ஊசியைத் தூக்கிவிட்டுச் சில விநாடிகள் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் இருந்தால் அது நம் வீட்டுடையது.

பதிவை நான் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் செய்கிறேன். எல்பியில் அவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதற்காக இல்லை. 24 பிட் இருந்தால் உச்சத்தை மைனஸ் 6 டெசிபெலுக்குக் கீழேயே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், 96 இருந்தால் சொடுக்குகளின் கூர்மை அப்படியே பதிவாகிறது, அவற்றைக் கண்டுபிடிக்க மென்பொருளுக்குச் சுலபம். 25 நிமிடப் பக்கம் ஒன்றுக்குச் சுமார் 860 எம்பி பிடிக்கும், இன்றைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. எதுவும் தொடாத மூலப் பதிவை, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

இப்போது மென்பொருள். இங்கேதான் நல்ல வேலையெல்லாம் கெடுகிறது. சொடுக்கு நீக்கும் கருவி எதுவானாலும், ஆடாசிட்டியோ ஐசோடோப் ஆர்எக்ஸோ, அது தேடுவது திடீரென்று எழும் கூர்மையை. டிரம்பெட்டும் டிராம்போனும் ஓங்கி ஊதும்போது அலைவடிவம் ஒரு பக்கமாகக் கூர்கூராக நிற்கும், கருவிக்கு அது சொடுக்காகத் தெரியும், சீவிவிடும். வால்டனின் முதல் சிம்பொனி, வான் வில்லியம்ஸின் நான்காவது இரண்டிலும் பித்தளை வாத்தியங்கள் சளி பிடித்த மாதிரி ஒலிக்கும் டிஜிட்டல் மாற்றங்கள் நிறையவே உலவுகின்றன. நீக்கியது போக மீதியைக் கேட்டால் உடனே தெரியாது. நீக்கியதை மட்டும் தனியாகக் கேளுங்கள். வெறும் டிக் டிக் மட்டும் வந்தால் சரி. அதில் இசையின் சாயல், ஒரு தாளம், ஒரு பித்தளை உறுமல் கேட்டால் அளவைக் குறையுங்கள். மெல்லிய முடிவுகளில் நான் தானியங்கிக் கருவியையே நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பேன். ஆடாசிட்டியின் ரிப்பேர் ஒரு தடவையில் 128 சாம்பிள்தான் தொடும், 96இல் அது 1.3 மில்லிவிநாடி, ஒரு சொடுக்குக்குத் தாராளம்.

தொடர்ந்து வரும் சர்ரென்ற இரைச்சலை நான் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வான் வில்லியம்ஸின் ஏழாவது, அண்டார்டிக் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். போல்டின் டெக்கா தட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஜான் கீல்குட் சில வரிகளைப் படிப்பார். முடிவில் மார்கரெட் ரிச்சியின் குரலும் காற்று இயந்திரமும் மட்டும் மிஞ்சி, தேய்ந்து மறையும். காற்று இயந்திரத்தின் சத்தம் என்ன? சர்ரென்ற இரைச்சல்தான்! இசை தொடங்கும் முன் வரும் வெற்றுப் பள்ளத்தில் இரைச்சலின் மாதிரியை எடுத்து "இதை எல்லா இடத்திலும் கழி" என்று மென்பொருளிடம் சொன்னால், அது பனிப்புயலையும் சேர்த்துக் கழித்துவிடும். குரலின் ஓரங்களில் உலோகக் கொலுசுச் சத்தம் மாதிரி ஒன்றை விட்டுச் செல்லும். நெப்டியூனின் பெண்கள் குரலுக்கும், வான் வில்லியம்ஸின் மூன்றாவது சிம்பொனியின் கடைசியில் தனியாக வரும் சோப்ரானோவுக்கும் (உயர்ந்த பெண் குரல்) இதே கதிதான். இரைச்சலுக்கு நம் காது பத்து விநாடியில் பழகிவிடும், அதற்குப் பின்னால் அரங்கத்தைக் கேட்க ஆரம்பித்துவிடும். அழித்த இடத்தின் ஓட்டைக்குக் காது பழகுவதே இல்லை.

கீழ் ஸ்தாயியிலும் அதே நிதானம் வேண்டும். வளைந்த தட்டின் அசைவை எடுக்க 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதும். கிங்ஸ்வே ஹாலுக்கு அடியில் பாதாள ரயில் ஓடியது, அங்கே செய்த பதிவுகளில் அந்த உறுமல் லேசாகக் கேட்கும். அதை டர்ன்டேபிளின் கோளாறு என்று நினைத்து 50, 60 வரை வெட்டுகிறவர்கள் ஆர்கனின் பெடலையும் டபுள் பேஸின் அடித்தளத்தையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். ரயில் ஓடட்டும், அது அந்த அரங்கத்தின் சத்தம்.

பக்கங்களை ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை. வான் வில்லியம்ஸின் ஆறாம் சிம்பொனியின் நான்கு பகுதிகளும் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும், எல்பியில் எங்கேயாவது திருப்பித்தான் ஆகவேண்டும். இரண்டு பக்கத்தின் தட்டு இரைச்சலும் ஒரே அளவில் இருக்காது. அதனால் பதிவு செய்யும்போதே ஊசி விழுந்த இடத்திலிருந்து முடிவுப் பள்ளம் வரை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வெற்றுப் பள்ளங்களின் இரைச்சலை வைத்துத்தான் ஒரு விநாடி போல மெல்லக் கலந்து ஒட்ட முடியும். வெறும் டிஜிட்டல் மௌனத்தை நடுவில் வைத்தால் இசை செத்துப் பிழைத்த மாதிரி இருக்கும்.

பேச்சை வெட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். போல்டின் டெக்கா ஆறாம் சிம்பொனித் தட்டில் இசை ஒன்றுமில்லாமல் கரைந்த பிறகு, வான் வில்லியம்ஸே போல்டுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் நன்றி சொல்லிப் பேசுகிறார். ஒன்பதாவது சிம்பொனியை எவரெஸ்ட் கம்பெனிக்காகப் போல்ட் பதிவு செய்த நாள் 1958 ஆகஸ்ட் 26, அன்று விடியும் முன் இசையமைப்பாளர் இறந்துவிட்டார், போல்ட் தட்டின் தொடக்கத்தில் அதைத் தன் குரலிலேயே சொல்கிறார். இசை மட்டும் போதும் என்று இவற்றைக் கத்தரித்துப் போட்ட கோப்புகளைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. தனி டிராக்காக வையுங்கள், வேண்டாதவர்கள் தாண்டிப் போகட்டும்.

கடைசியாகச் சட்டம். பிரிட்டனில் ஒலிப்பதிவுக்கான உரிமை முன்பு 50 ஆண்டு, 2013 நவம்பர் 1 முதல் 70. ஏற்கெனவே காலாவதியானவை திரும்ப உயிர் பெறவில்லை, ஆகவே 1962 முடிவுக்குள் வெளியான தட்டுகளின் பதிவுரிமை முடிந்துவிட்டது, 1963 முதல் வெளியானவற்றுக்கு இன்னும் இருக்கிறது. பார்க்க வேண்டியது பதிவான வருடத்தை இல்லை, வெளியான வருடத்தை. இது போக இசையமைப்பாளரின் உரிமை தனி, இறந்த ஆண்டிலிருந்து 70 வருடம். எல்கர், ஹோல்ஸ்ட், டீலியஸ் மூவரும் 1934இல் போனவர்கள், எப்போதோ முடிந்தது. மோரனுக்கும் பாக்ஸுக்கும் முடிந்துவிட்டது. ஃபின்சிக்கு 2026 கடைசி வரை, வான் வில்லியம்ஸுக்கு 2028 கடைசி வரை உண்டு. ஹவெல்ஸும் வால்டனும் 1983 வரை இருந்தவர்கள், அவர்களுக்கு இன்னும் நெடுங்காலம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சொந்தத் தட்டை நமக்காக நகல் எடுப்பதற்கு 2014 அக்டோபரில் இங்கே அனுமதி கொடுத்தார்கள், 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது. வீட்டுக்குள் கேட்பதற்காக யாரும் கதவைத் தட்டப் போவதில்லை என்றாலும், பொதுவில் ஏற்றுவதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

ஊர்க் குழுக்களின் தட்டுகளுக்குச் சட்டத்தோடு மரியாதையும் சேர்ந்தது. எங்கள் குழுவின் பழைய தட்டை மாற்றி முடித்ததும், அதில் பாடியவர்களில் கண்டுபிடிக்க முடிந்தவர்களிடம் போய்க் கேட்கவைத்து, பழைய உறுப்பினர்களுக்குப் பிரதி கொடுக்கலாமா, ஆவணக் காப்பகத்தில் ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. அதில் தனியாகப் பாடிய அம்மாவுக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது: உறையில் தன் பெயரில் ஒரு எழுத்து தவறாக அச்சாகியிருக்கிறது, இத்தனை வருடமாக அப்படியே இருக்கிறது, இதிலாவது திருத்திவிடு என்றார். கோப்பில் பெயரைத் திருத்திப் போட்டேன். உறையின் ஸ்கேனைத் தொடாமல் அப்படியே கூட வைத்து, எது சரி என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்.